அரசியல் பேசக் கூடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் அரசியல் பேச ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் இரண்டு அரசாங்கத்தைக் கவிழ்த்துவிடுவோம். ஆனால் மாதம் ஒருமுறை கோயில் மண்டபத்தில் முறையாகக் கூடிப் பேசலாம் என்று தொடங்கினால், சில மாதங்களிலேயே நாற்காலிகள் காலியாகின்றன. பேச விஷயம் தீர்ந்துபோவதில்லை; பேசிப் பேசி மனசு விட்டுப்போகிறது.

இதற்குப் பெரிய காரணம், நம்பிக்கை முழுவதையும் தேர்தல் இரவில் கொண்டுபோய்க் கட்டிவைப்பது. 1974 முதல் இந்த நாடாளுமன்றத் தொகுதியை வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலு, 2008இல் எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றபோது, இனி எல்லாம் மாறிவிடும் என்றார்கள். 2018 மே 9இல் மத்திய ஆட்சியே மாறியபோதும் அதே பேச்சு. 2020 பிப்ரவரியில் உறுப்பினர்கள் அணி மாறியதால் அந்த ஆட்சி தேர்தலே இல்லாமல் கவிழ்ந்தது. "போட்ட ஓட்டு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கியவர்கள் நிறைய. கோபம் நியாயம்தான். ஆனால் கதையை அங்கேயே நிறுத்துவது தவறு. அந்தக் கோபம்தான் கட்சித் தாவலுக்கு எதிரான சட்டமாகி 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதிலும் ஓட்டை உண்டு: கட்சியே ஓர் உறுப்பினரை நீக்கிவிட்டால் அவர் பதவி போகாது. இந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசலாம். தலைவர்களைத் திட்டுவதைவிட அது எவ்வளவோ சுவையாக இருக்கும்.

அடுத்தது, தவறான கதவைத் தட்டுவது. அடைத்த சாக்கடையிலிருந்து அடையாள அட்டை வரை எல்லாவற்றுக்கும் நாடாளுமன்ற உறுப்பினரைக் குறை சொல்கிறோம். சாக்கடையும் குப்பையும் இங்கே கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் வேலை. நில விவகாரம் மாநில அரசிடம். குடியுரிமையும் தமிழ்ப்பள்ளியும் மத்திய அரசிடம். தோட்டத்துக்குள் உள்ள சாலையோ தனியார் நிலம். அங்கே முதலில் நிர்வாகத்திடம்தான் பேச வேண்டும். நகராண்மைக் கழகத்துக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. 1965இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. அதன் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அதனால் லிந்தாங், ஜாலோங் சட்டமன்றத் தொகுதிகளில் போடும் ஓட்டு சாக்கடை வரைக்கும் போகிறது. சட்டமன்ற ஓட்டை இரண்டாம்பட்சமாக நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கட்சிக்காரரைத் தலைவராக்கினால், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அடுத்த மாதம் கொடி வந்து நிற்கும். அவர் வரட்டும், மற்றவர்களோடு சேர்ந்து உட்காரட்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த செய்தியைச் சரிபார்க்காமல் வாசிப்பதும் வேண்டாம்; அதை மறுப்பதிலேயே நேரம் போய்விடும். இனம், மதம், அரசர் தொடர்பான பேச்சு நம் நாட்டில் எளிதில் போலீஸ் புகாராகிவிடும். பயந்து வாயை மூடச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசையிலிருந்து யாரோ ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்யக்கூடும் என்ற நினைப்பு இருக்கட்டும்.

பிள்ளைகளை நாற்காலி எடுத்துப்போடவும் பலகாரம் பரிமாறவும் மட்டும் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத பழக்கம். 18 வயதில் வாக்குரிமை தரும் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஓர் எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறியது. 2021 டிசம்பரிலிருந்து பெயரும் தானாகவே பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றுசேர்ந்து கொடுத்த ஓட்டு அது. அதை வைத்திருக்கும் பிள்ளையிடம் "உனக்கு என்ன தெரியும்?" என்று பெரியப்பா கேட்டால், அவன் அப்புறம் வரவே மாட்டான்.

கடைசியாக, எதையும் எழுதிவைக்காமல் கலைவது. ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு புகாரை எடுத்துத் தேதி போட்டு எழுதுங்கள். யார் கொண்டுபோவது என்றும் முடிவு செய்யுங்கள். பதில் வரவில்லையா? அதுவே அடுத்த கூட்டத்தின் முதல் விஷயம். சட்டப்படி நகராண்மைக் கழகத்தின் முழுக்கூட்டம் பொதுவாக மக்கள் வந்து பார்க்கக்கூடியதுதான். தேதியை முன்பே விசாரித்துக்கொண்டு இரண்டு பேரை அனுப்பலாம். வேலை நாளில் அவர்கள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போவதாக இருந்தால், பலகாரத்துக்குச் சேர்த்த காசை அந்த மாதம் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.