அளவான டேட்டாவில் மாதம் முழுவதும் டிவி பார்ப்பது எப்படி?

மாதம் இருபது தேதியைத் தாண்டியதும் வீட்டு இணையம் ஊர்ந்து செல்லத் தொடங்கினால், பலரும் உடனே அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். டேட்டா ஒதுக்கீடு உயராமல் வேகம் மட்டும் உயர்ந்தால், அந்த ஒதுக்கீடு முன்பைவிடச் சீக்கிரமாகத் தீர்ந்துபோகும் வாய்ப்பே அதிகம். 'ஆட்டோ' நிலையில் உள்ள ஓடிடி செயலிகள், கிடைக்கும் வேகத்தை அளந்து பார்த்து, அது தாங்கும் அளவுக்குப் படத்தின் தரத்தைத் தாமாகவே உயர்த்திக்கொள்வதே இதற்குக் காரணம். மாதம் 100 ஜிபி ஒதுக்கீடு, ஒரு ஸ்மார்ட் டிவி, நாள்தோறும் 2 மணி நேரப் பார்வை என்று ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: ஒதுக்கீட்டை அறிந்துகொள்ளுங்கள்

விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று இருந்தாலும், விதிமுறைகளில் எஃப்.யு.பி. என்ற வரம்பு இருக்கக்கூடும். அதைத் தாண்டினால் இணைப்பு அறுந்துவிடாது, வேகம் மட்டும் குறைந்துவிடும். உங்கள் நிறுவனத்தின் செயலியில் அந்த வரம்பையும், கணக்கு புதிதாகத் தொடங்கும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்ப்பவர்கள், தங்கள் திட்டத்தில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று தினசரி அளவு இருந்தால், கணக்கை மாதத்துக்குப் போடாமல் நாளுக்குப் போட வேண்டும்.

படி 2: மணிக்கு எவ்வளவு?

ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 0.45 ஜிபி செலவாகும் என்ற ஒரே வாய்பாடு போதும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தரும் கணக்கின்படி, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த தரத்தில் சுமார் 0.3 ஜிபியும், நடுத்தரத்தில் 0.7 ஜிபியும், எச்டி தரத்தில் 3 ஜிபி வரையும், 4கே தரத்தில் 7 ஜிபி வரையும் ஆகும். நம் வீட்டுக்கு மாதம் 60 மணி நேரம் என்பதால், நடுத்தரத்தில் 42 ஜிபியோடு முடிவது எச்டியில் 180 ஜிபி வரை போகலாம். பார்க்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் சண்டை போடுவதைவிடத் தரத்தை ஒரு படி இறக்குவது எளிது.

படி 3: செயலிகளில் தரத்தைக் குறையுங்கள்

நெட்ஃபிளிக்ஸில் இந்த அமைப்பு கணக்குப் பக்கத்தில், ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாக இருக்கிறது. உங்களுடையதை மாற்றிவிட்டுப் பிள்ளைகளுடையதை மறந்துவிட்டால் பயன் பாதிதான். டிவியில் யூடியூப் பார்க்கும்போது, வீடியோ ஓடிக்கொண்டிருக்கையிலேயே பற்சக்கரக் குறியை அழுத்தி 480பி என்று தேர்ந்தெடுங்கள். அமைப்புகளுக்குச் சென்று ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். பார்ப்பவர் சோபாவிலேயே தூங்கிப்போன பிறகும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வீடியோக்கள் விழுங்கும் டேட்டாவுக்கு எந்தக் கணக்கும் ஈடுகொடுக்காது.

கைபேசியிலிருந்து டிவிக்கு 'காஸ்ட்' செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காஸ்ட் செய்ததும் பெரும்பாலான செயலிகளில் படத்தை இணையத்திலிருந்து இழுப்பது டிவிதான். கைபேசியில் நீங்கள் வைத்திருக்கும் டேட்டா சேமிப்பு அமைப்பை அது பொருட்படுத்தாமல் போகலாம்.

படி 4: ரவுட்டரில் கடிவாளம் போடுங்கள்

ஒவ்வொரு செயலியாகத் திறந்து மாற்றுவது சலிப்பான வேலை. அடுத்த மாதம் வேறொரு செயலி வந்து சேர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே, என் பரிந்துரை இந்தப் படிதான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று, ஒரு முகவரி இருக்கும். அதை உலாவியில் இட்டு உள்ளே நுழைந்து, 'பேண்ட்விட்த் கண்ட்ரோல்' அல்லது 'க்யூஓஎஸ்' என்ற பகுதியைத் தேடுங்கள். எல்லா ரவுட்டரிலும் இந்த வசதி இருக்காது; இருந்தால், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் டிவியைக் கண்டுபிடித்து, அதன் பதிவிறக்க வேகத்துக்கு 2000 கேபிபிஎஸ், அதாவது 2 எம்பிபிஎஸ், என்று உச்சவரம்பு வையுங்கள்.

2 எம்பிபிஎஸ் என்றால், மேலே சொன்ன வாய்பாட்டின்படி, எந்தச் செயலி ஓடினாலும் மணிக்கு 0.9 ஜிபிக்கு மேல் போக வழியில்லை. 60 மணி நேரத்துக்கு 54 ஜிபி, மீதி 46 ஜிபி கைபேசிகளுக்கும் கணினிக்கும். 'ஆட்டோ' நிலையும் இந்த வரம்புக்குள் அடங்கித் தரத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். படம் தொடங்கும்போது சில நொடிகள் மங்கலாகத் தெரியலாம். 32 அங்குலத் திரையில் அதன்பின் பெரிய குறை தெரியாது, 55 அங்குலத்தில் தெரியும். வரம்பை ஒரு எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்கினால் படம் அடிக்கடி நின்று நின்று ஓடும். டிவியை வைஃபையிலிருந்து லேன் கம்பிக்கு மாற்றினால் ரவுட்டருக்கு அது வேறொரு கருவியாகத் தெரியும் என்பதால், வரம்பை மறுபடியும் வைக்க வேண்டியிருக்கும்.

படி 5: அணைத்தது உண்மையில் அணைந்ததா?

ஓடிடி செயலிகளை ஓட்டும் ஸ்டிக்கை டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகியிருப்பவர்கள் டிவியை மட்டும் அணைத்தால், ஸ்டிக் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கலாம். முதலில் படத்தை நிறுத்தி, முகப்புத் திரைக்கு வந்து, பிறகு அணையுங்கள்.

படி 6: நேரலைகளைக் கேபிளுக்கு விடுங்கள்

செய்தி, தொடர், கிரிக்கெட் ஆகியவை கேபிளிலோ டிடிஎச்சிலோ வந்தால், அவற்றுக்கு ஒரு எம்பி கூடச் செலவில்லை. மூன்றரை மணி நேர டி20 ஆட்டத்தை எச்டியில் இணையம் வழியாகப் பார்த்தால் 10 ஜிபி வரை கரையக்கூடும். நம் வீட்டின் ஒதுக்கீட்டில் அது பத்தில் ஒரு பங்கு.

படி 7: ஏழாம் நாள் சரிபாருங்கள்

ஒரு வாரம் கழித்து நிறுவனத்தின் செயலியைத் திறந்து பாருங்கள். 100 ஜிபி வீட்டில் அன்று 23 ஜிபிக்குள் இருந்தால் கணக்கு சரி. கூடியிருந்தால், டிவியின் வரம்பை 1500 கேபிபிஎஸ் ஆக்கிவிட்டு இன்னொரு வாரம் பாருங்கள்.