ஆண்ட், ஆர், இஃப்: எந்த இடத்தில் எப்படிப் படிப்பது

சேலம் சூரமங்கலத்தில் மோட்டார் கன்ட்ரோலர் போர்டு செய்து கொடுப்பது என் பிழைப்பு. மாலையில் டிப்ளமோ பிள்ளைகளுக்கு டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்ட் (இரண்டும்), ஆர் (ஏதாவது ஒன்று), நாட் (இல்லை), இஃப் (என்றால்) என்ற சொற்கள் தத்துவத்திலும் புரோகிராமிலும் சர்க்யூட்டிலும் வருவதால், ஒரு இடத்தில் படித்ததை அப்படியே இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு நான் சொல்லித்தரும் வழி இது.

முதலில் வேலையைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வீட்டுக்கு வீடு சம்ப்பும் மேல்தொட்டியும் உண்டு. ஆகவே: 'சம்ப்பில் தண்ணீர் இருந்து, மேல்தொட்டி நிரம்பாமல் இருந்தால் மோட்டார் ஓடும்.' இதில் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய துண்டுகளை மட்டும் பிரித்தெடுங்கள். 'சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது' என்பது கீ. 'மேல்தொட்டி நிரம்பிவிட்டது' என்பது மே. 'மோட்டாரைப் போடு' என்பது கட்டளை. அதற்கு மெய்யும் கிடையாது, பொய்யும் கிடையாது. அதை மெய் அட்டவணையில் (துண்டுகளின் மெய், பொய்ச் சேர்க்கைகளை எல்லாம் வரிவரியாக எழுதும் பட்டியல்; மெய் 1, பொய் 0) எழுதாதீர்கள்.

இரண்டு துண்டு என்றால் மெய் அட்டவணையில் நான்கு வரி. கீ 1, மே 0 என்ற ஒரே வரியில்தான் மோட்டார் ஓடும். சர்க்யூட்டில் மே-யை 7404 என்ற நாட் கேட் ஐசி வழியாகத் திருப்பி, கீ-யோடு சேர்த்து 7408 என்ற ஆண்ட் கேட் ஐசிக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது (கேட் என்பது இப்படி ஒரு தர்க்க வேலையைச் செய்யும் சர்க்யூட்). ஆனால் அந்த ஐசி, மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மின்காந்த சுவிட்சான ரிலேயை நேராக இழுக்காது. நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டரும், ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடும் போடுங்கள்.

இஃப் விஷயத்தில்தான் அதிகம் நிற்க வேண்டும். தர்க்கத்தில் 'ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்' என்பது ஒரு கூற்று. ஏறியும் டிக்கெட் எடுக்காதவர் ஒருவர் அகப்பட்டால் மட்டுமே அது பொய்க்கும். பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்பவரை டிக்கெட் செக்கர் பிடிக்க முடியாதே. அதனால் ஏறாதவர் விஷயத்தில் கூற்று மெய்தான். பிள்ளைகள் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், காரணம் புரோகிராமில் பழகிய இஃப். அங்கே அது உத்தரவு: நிபந்தனை சரியாக இருந்தால் செய், இல்லாவிட்டால் தாண்டிப் போ. எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ இஃப் கேட் என்று கேட்டால் சிரிப்பார்கள். முதல் துண்டை நாட் செய்து, இரண்டாவதோடு ஆர் கேட்டில் சேருங்கள். தர்க்கத்தின் இஃப் வந்துவிடும்.

ஆர் சுலபம். 'டீயா காபியா' என்று கேட்டால் ஒன்றைத்தான் சொல்வோம். ஆர் கேட் ஐசியான 7432-க்கு இரண்டும் வந்தாலும் சம்மதம். ஒன்று மட்டும் என்றால் 7486 என்ற எக்ஸ்-ஆர் ஐசி. மாடிப்படி விளக்கின் டூ-வே சுவிட்ச் வேலையும் அதுதான்.

நாட் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். 'அண்ணனும் தம்பியும் வரவில்லை' என்றால் இருவருமே வரவில்லையா, சேர்ந்து வரவில்லையா? அடைப்புக்குறி போட்டு எழுதினால் குழப்பம் தீரும். 'இரண்டும் சேர்ந்து' என்பதை மறுத்தால் 'இதில்லை அல்லது அதில்லை' என்று ஆகும். இந்த விதிக்குப் பெயர் கொடுத்த டி மார்கன் 1806-இல் நம் மதுரையில் பிறந்தவர். பூல் என்ற கணித அறிஞர் 1854-இல் தர்க்கத்தை அல்ஜீப்ராவாக விரித்து எழுதினார். ஷானன் என்ற மாணவர் 1937-இல் அதை ரிலே சுவிட்சுகளுக்குப் பொருத்தி ஆய்வேடு கொடுத்தார். சொற்கள் மூன்று துறைக்கும் பொதுவாகிப்போன கதை அதுதான்.

ஷார்ட் சர்க்யூட் என்ற சொல்லும் ஆளைக் குழப்பும். போர்டில் அது புகை. பெரும்பாலான புரோகிராம் மொழிகளில் அது நல்ல பழக்கம்: 'ஆண்ட்' போட்ட இடத்தில் முதல் துண்டு பொய்யானால் இரண்டாவதைத் திறந்துகூடப் பார்க்காது. எனவே 'சென்சார் இருக்கிறதா' என்பதை முன்னாலும், 'சென்சார் என்ன சொல்கிறது' என்பதைப் பின்னாலும் எழுதுங்கள். தர்க்கத்தில் இந்த வரிசைக்கு மதிப்பே இல்லை.

சர்க்யூட்டில் மெய், பொய் என்பதெல்லாம் வோல்ட். சாதாரண 74 வரிசை ஐசிக்கு உள்ளே வரும் சிக்னல் 0.8 வோல்ட்டுக்குள் இருந்தால் லோ, 2 வோல்ட்டைத் தொட்டால் ஹை. இடையில் இருப்பதைப் 'பாதி உண்மை' என்று நினைக்காதீர்கள். ஐசி எதையும் சொல்லலாம். ஐசியின் கால் (பின்) ஒன்றின் பெயருக்கு மேல் கோடு போட்டிருந்தால் அங்கே லோ-தான் 'ஆம்'. டேட்டாஷீட்டில் அந்தக் கோட்டைத் தேடாமல் சால்டரிங் அயர்னைத் தொடாதீர்கள்.

தத்துவப் பக்கம் போனால், கூற்று மெய்யா என்பது ஒரு கேள்வி, வாதம் நிற்குமா என்பது வேறு கேள்வி. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பாடமே இருக்கிறது: இம்மலை நெருப்புடையது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆவியா பனியா என்று ஐயம் இருக்கும்போதே அதைப் புகை என்று துணிவதும் அங்கே ஒரு போலியாக, அதாவது பிழையான வாதமாக, சொல்லப்படுகிறது. மார்கழிக் காலையில் அஸ்தம்பட்டியிலிருந்து சேர்வராயன் மலையைப் பார்த்தவர்களுக்கு இது விளக்கமே வேண்டாம். வாதத்தின் அமைப்பில் குறையில்லை, சென்சார்தான் சந்தேகம். போர்டு கோளாறிலும் முதலில் இதைத்தான் கேட்பேன்: கேட் தப்பா, உள்ளே வரும் சிக்னல் தப்பா?

கடைசியாக, மெய் அட்டவணைக்கு நேரம் தெரியாது. மேலே சொன்ன சர்க்யூட்டை மாட்டினால், தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிற்கும், ஒரு வாளி இறங்கியதும் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ரிலே படபடவென்று அடித்துச் சீக்கிரமே போய்விடும். மேல்தொட்டிக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு சென்சார் வைத்து, 7400-இன் இரண்டு நாண்ட் கேட்டை (ஆண்ட் விடையைத் திருப்பித் தருவது) குறுக்காக இணைத்து, முந்தைய நிலையை நினைவில் வைக்கும் லேட்ச் செய்யுங்கள். அப்புறம் தொட்டி பாதி இருக்கும் நிலையை இரண்டு தடவை சோதியுங்கள்: காலியிலிருந்து ஏறும்போது மோட்டார் ஓட வேண்டும், நிரம்பி இறங்கும்போது நின்றிருக்க வேண்டும்.