திருகோணமலையைச் சுற்றிக்கொண்டே ஆங்கிலச் சொற்கள் சேர்ப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன் கோட்டை வாசலில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி என்னிடம் வழி கேட்டார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை 'ஸ்டீப்' ஆக இருக்குமா என்பதுதான் கேள்வி. அந்தப் பாதையில் சிறு வயதிலிருந்து எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். எங்கே நிழல் விழும், எங்கே மூச்சு வாங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல் தெரியாததால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். செங்குத்தான ஏற்றம் என்று இருந்தது. அந்தச் சொல் பிறகு மறக்கவே இல்லை.

பாடப்புத்தகத்தில் லண்டனைப் பற்றிப் படிக்கும்போது இடமும் புதிது, சொல்லும் புதிது. நம் ஊரில் கதை ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, சொல்லை மட்டும் தேடினால் போதும். அதனால் ஆங்கிலம் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தெரிந்த இடத்துக்குப் போங்கள். ஒரு சின்னக் கொப்பி, ஒரு பேனை, போனில் ஓர் அகராதி இருந்தால் சரி.

படி 1: பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

வீதியில் உள்ள பெயர்ப்பலகைகளில் மூன்று மொழிகள் இருக்கின்றன. சீனன்குடா ஆங்கிலத்தில் 'சைனா பே'. ஆகவே குடா என்றால் 'பே'. ஒரு சொல் செலவில்லாமல் கிடைத்துவிட்டது.

இப்போது 'மலை' என்று முடியும் நம் பெயர்களைப் பாருங்கள். உவர்மலை 'ஓர்ஸ் ஹில்', சுவாமிமலை 'சுவாமி ராக்', நிலாவெளிக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் புறாமலையோ 'பிஜன் ஐலண்ட்'. நாம் மூன்றையும் மலை என்கிறோம். ஆங்கிலத்தில் ஏறிப் போகும் மேட்டு நிலம் ஹில், ஒரே பாறையாக நிற்பது ராக், தண்ணீர் சூழ்ந்தது ஐலண்ட். கோயிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டு அருகே நின்று கடலை எட்டிப் பார்த்தால் கால் கூசுமே, அந்தச் செங்குத்துப் பாறை விளிம்பு 'க்ளிஃப்'. நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

படி 2: ஒரு காலை, ஓர் இடம், பத்துச் சொல்

பத்துக்கு மேல் வேண்டாம். அதில் பாதியாவது வினைச்சொல்லாகவோ பண்பைச் சொல்லும் சொல்லாகவோ இருக்கட்டும். பெயர்ச்சொற்களை மட்டும் சேர்த்தால் விரலால் காட்டத்தான் முடியும், பேச முடியாது.

முதல் நாளுக்குப் பிரெட்ரிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1624 இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் 1803 இல் இன்றைய பெயரை வைத்தார்கள். இந்தக் கதைக்கு நான்கு வினைச்சொற்கள் போதும்: 'டிமாலிஷ்' என்றால் இடிப்பது, 'பில்ட்' கட்டுவது, 'கேப்ச்சர்' கைப்பற்றுவது, 'ரீநேம்' பெயர் மாற்றுவது. இவற்றை இறந்தகாலத்தில் அடுக்கிப் பாருங்கள். ஊரின் வரலாற்றை நான்கு வசனத்தில் சொல்லிவிடலாம்.

கோட்டைக்குள் மான்கள் நடமாடும். ஒரு மானும் 'டீர்', பத்து மானும் 'டீர்' தான், பன்மைக்கு 'ஸ்' சேர்க்கக் கூடாது. மாட்டின் கொம்பு 'ஹார்ன்', ஆண் மானின் கிளைக்கொம்பு 'ஆன்ட்லர்'. மாட்டுக்கொம்பு விழாது, மானின் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். அதனால்தான் இரண்டு சொல்.

அடுத்த வாரம் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்: இளஞ்சூடு 'லூக்வார்ம்', இதமான சூடு 'வார்ம்', நல்ல சூடு 'ஹாட்'. கையில் பட்ட சொல் மனசில் நிற்கும். இராவணன் தன் தாயின் கிரியைக்காக இந்தக் கிணறுகளை உண்டாக்கினான் என்ற ஐதீகத்தைச் சொல்லும்போது 'லெஜன்ட்' என்ற சொல்லோடு தொடங்குங்கள். நம்பிக்கையையும் வரலாற்றையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் அதனால் வரும்.

நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைக்கும் ஒரு தடவை போங்கள், 'வார் செமெட்டரி' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அந்தப் போர்க்காலத்தில் இறந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நடுகற்களில் பெயர், பதவி, திகதி, வயது எல்லாம் எளிய ஆங்கிலத்தில் இருக்கும். அங்கே சொல் பொறுக்க அவசரப்படாதீர்கள். ஒரு கல்லை மட்டும் மெதுவாக முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள்.

படி 3: மொழிபெயர்க்கக் கூடாதவற்றை விட்டுவிடுங்கள்

கோபுரம், பொங்கல், அர்ச்சனை இவற்றுக்கெல்லாம் ஆங்கிலச் சொல் தேடி அலையாதீர்கள். தமிழ்ச் சொல்லையே சொல்லி, பின்னால் ஒரு வசனத்தில் விளக்குங்கள். கோபுரம் என்ற சொல் ஆங்கில அகராதியிலேயே இருக்கிறது. நம் கட்டுமரமும் 'கட்டமரான்' என்று அங்கே போயிருக்கிறது, ஆனால் பொருள் மாறிவிட்டது. நமக்குக் கட்டுமரம் சேர்த்துக் கட்டிய மரங்கள், அவர்களுக்கு இரட்டை உடல் கொண்ட படகு. வெளிநாட்டவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் கூடவே கையால் வரைந்தும் காட்டுங்கள்.

படி 4: அன்றே ஒருவரிடம் பேசுங்கள்

மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பயணிகளும் நிறைய வருவார்கள். எந்த நாடு என்று கேட்டுத் தொடங்க வேண்டாம், அவர்கள் அதை ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டிருப்பார்கள். 'ஹேவ் யூ பீன் டு கன்னியா?' என்று கேளுங்கள். இல்லை என்றால் நீங்கள் தொட்டுப் பார்த்த ஏழு கிணறுகளைப் பற்றிச் சொல்லலாம். தனியாக இருப்பவர், களைத்திருப்பவர், குழந்தையோடு அல்லாடுபவர் என்றால் விட்டுவிடுங்கள். யாரும் கிடைக்காத நாளில் போனில் ஒரு நிமிடம் உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். எங்கே தடுமாறினீர்களோ அதுதான் நாளைய சொல்.

படி 5: இரவில் கொப்பியில் வரைபடம்

சொற்களை அகரவரிசையில் எழுதாதீர்கள். கோட்டை வாசல், மான் நிற்கும் இடம், ஏற்றம், கோயில், க்ளிஃப் என்று பாதையைக் கோடாக வரைந்து, சொல்லை அது கிடைத்த இடத்திலேயே எழுதுங்கள். அப்புறம் கண்ணை மூடி அந்தப் பாதையில் மனதால் நடந்து பாருங்கள். அடுத்த நாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. விட்டுப்போன சொல் இருந்தால் அந்த இடத்துக்கே திரும்பப் போங்கள், பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்.

கோட்டையும் கன்னியாவும் முடிந்ததா? மூன்றாம் வாரத்துக்கு விடியற்காலையில் மீன் சந்தை. பாரை, சூரை, நண்டு, இறால் என்று பெயர்களை முன்னமே எழுதிக்கொண்டு, வலது பக்கத்தை வெறுமையாக விட்டுப் போங்கள்.