கரண்டு வேலி: பன்றிக்கு வைத்தவர்கள் சொல்லும் சமாதானங்கள்

பொள்ளாச்சியை ஒட்டிய மீனாட்சிபுரம் தாண்டி, கேரளத்துச் சித்தூர் தாலுகாவுக்குள் போனால் டீக்கடைப் பேச்செல்லாம் காட்டுப்பன்றிதான். விடிந்து பார்த்தால் நட்ட தென்னங்கன்று குருத்தோடு கிளறிக் கிடக்கும். வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலில் சிலர் மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்து, முழ உயரத்துக்குக் குச்சி ஊன்றி, கட்டுக்கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள்.

"பன்னிக்குத்தான் தம்பி வெச்சேன், மனுசனுக்கா வெச்சேன்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். பெரிய தவறு இங்கேதான். பனியில் நனைந்த புல்லோரம் கிடக்கும் கம்பிக்குப் பன்றியும் தெரியாது, ராத்திரி தண்ணீர் திருப்ப வருபவரும் தெரியாது. சட்டமும் கொல்ல நினைத்தாயா என்பதோடு நிற்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவில், கவனக்குறைவால் உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 ஆண்டுதான். உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே வைத்ததாக நிரூபணமானால் 105ஆம் பிரிவு. 10 ஆண்டு வரை போகும்.

அடுத்த சமாதானம், "என் தோப்புக்குள் அவன் ஏன் வந்தான்?" திருடனாகவே இருக்கட்டும், தேங்காய்த் திருட்டுக்குத் தூக்கு கிடையாது. பெரும்பாலும் வருவது கள் இறக்குபவரும் ஆடு தேடும் பிள்ளையும்தான்.

போர்டு மாட்டினால் போதும் என்பார்கள். இருட்டில் எந்தப் போர்டு? அதுவும் மலையாளத்தில் எழுதியிருந்தால், பொள்ளாச்சிப் பக்கமிருந்து கூலிக்கு வரும் ஆளுக்கு அது வெறும் கோலம்.

அடுத்தவன்மேல் பழிபோட்டும் தப்ப முடியாது. மத்தியப் பிரதேசத்தில் சாலையில் கிடந்த மின்கம்பியில் சிக்கி ஒருவர் இறந்தார். யாரோ கரண்டு திருட இழுத்த வயர் என்றது மின்வாரியம். ஆபத்தான பொருளைக் கையாளுபவர்தான் பொறுப்பு என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாரியத்துக்கே அந்தக் கதி.

சரி, பன்றியை என்னதான் செய்வது? முறையான சோலார் வேலியில் கரண்டு விட்டுவிட்டு வரும். அடி வலிக்கும், ஆளைப் பிடித்துவைக்காது. கேரளத்தில் 2022 முதல், தொல்லை தரும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு உண்டு. அதிலும் விஷம், வெடி, கரண்டு மூன்றுக்கும் அனுமதி இல்லை.