ரீஜென்சி கால நாவல்களை வாசிக்கத் தொடங்குவது எப்படி

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நோயுற்று ஆளும் நிலையை இழந்ததால், 1811 பிப்ரவரி முதல் அவர் இறந்த 1820 ஜனவரி வரை அவருடைய மகன் அரசப் பொறுப்பை ஏற்று நடத்தினார். அந்த ஒன்பது ஆண்டுகளே ரீஜென்சி காலம். அக்காலக் காதல் கதைகளைப் புதிதாகக் கையிலெடுப்பவர்கள், நடன விருந்தையும் குதிரை வண்டியையும் தாண்டி எதுவும் நடக்கவில்லை என்று பாதியில் மூடிவைப்பதுண்டு. காதலுக்கு அடியில் ஓடும் சொத்துக் கணக்கை முதலில் பிடித்துக்கொண்டால், அதே பக்கங்கள் நம்மைப் பதைபதைக்க வைக்கும்.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் பாத்திரங்களின் பெயர்களை எழுதி, எதிரே அவர்களுடைய ஆண்டு வருமானத்தைக் குறித்து வாருங்கள். டார்சிக்கு 10,000 பவுண்டு, பிங்லிக்கு நாலைந்தாயிரம், பென்னட் குடும்பத்துக்கு 2,000. பென்னட்டின் நிலம் ஆண் வாரிசுக்கே சேரவேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருப்பதால், அவர் கண்மூடிய பிறகு வீடும் நிலமும் உறவினர் காலின்ஸுக்குப் போய்விடும். பென்னட்டின் மனைவியும் ஐந்து பெண்களும் காலின்ஸின் தயவில் நிற்க வேண்டியதுதான். தாயின் காலத்துக்குப் பின், இரண்டாவது மகளும் கதாநாயகியுமான எலிசபெத்துக்கு வரக்கூடியது 4 சதவீத வட்டியில் கிடக்கும் 1,000 பவுண்டு, அதாவது ஆண்டுக்கு வெறும் 40 பவுண்டு. பெண் கேட்கும்போதே காலின்ஸ் இதை அவளிடம் சொல்லிக்காட்டுகிறார். இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் அவரை மறுக்கும் இடத்தையும் பின்னர் டார்சியையே மறுக்கும் இடத்தையும் படித்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய துணிச்சல் அது! அவளுடைய தோழி, 27 வயதான சார்லட் லூகஸ் அதே காலின்ஸை ஏற்றுக்கொள்வதையும் அப்போது எளிதில் பழிக்கத் தோன்றாது.

ஆஸ்டினின் குடும்பமே இந்த நெருக்கடியை அறிந்திருந்தது. சொத்தில்லாத அவருடைய அத்தை பிலடெல்பியா 1752இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, மறு ஆண்டு கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஹான்காக்கை மணந்துகொண்டார்.

அடுத்ததாகத் திருமணச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1753ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணமுடிக்கப் பெற்றோரின் சம்மதம் தேவை. ஸ்காட்லாந்தில் அச்சட்டம் செல்லாது என்பதால், ஓடிப்போகும் ஜோடிகள் எல்லையைக் கடந்ததும் வரும் கிரெட்னா கிரீன் என்ற ஊரை நாடினார்கள். காதலனோடு ஓடிப்போன பென்னட்டின் கடைசி மகள் லிடியா அங்கே போகாமல் லண்டனில் தங்கிவிட்டாள் என்ற செய்தி வீட்டாரை ஏன் அப்படி உலுக்குகிறது என்பது இதை அறிந்தவருக்கே புரியும். அழைக்கும் முறையையும் கவனியுங்கள்: மூத்த மகள் மட்டுமே மிஸ் பென்னட், தங்கை மிஸ் எலிசபெத்.

இரண்டாவது நூலாக ஜார்ஜெட் ஹேயரின் 'ஃபிரெடெரிகா'வை (1965) பரிந்துரைக்கிறேன். தன் காலத்து வாசகருக்கே எழுதியதால் ஆஸ்டின் உடையையும் வண்டியையும் விவரிக்க மெனக்கெடவில்லை. நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதவந்த ஹேயரோ அவ்வுலகின் ஒவ்வொரு பொருளையும் தேடிக் கற்று நம் கண்முன் வைக்கிறார். பெரிய இடத்துப் பெண்மணிகள் சிலர் மனம்வைத்தால்தான் உள்ளே நுழைய முடிந்த ஆல்மாக்ஸ் போன்ற நடன அரங்குகளெல்லாம் ஹேயரை வாசித்த பிறகே எனக்குத் துலங்கின. ஆகவே அவரை முடித்துவிட்டு மீண்டும் ஆஸ்டினிடம் திரும்புங்கள். இம்முறை 'பெர்சுவேஷன்' நாவலுக்கு. கையில் காசில்லாததால் காதலியால் தட்டிக்கழிக்கப்பட்ட கடற்படை அதிகாரி வென்ட்வொர்த், எட்டு ஆண்டுகள் கழித்து, கடற்போரில் ஈட்டிய 25,000 பவுண்டோடு திரும்பி வருகிறான்.

இக்காலத்தவர் எழுதும் சரித்திரக் காதல் நாவல்களை அதன்பின் வாசிப்பதே நல்லது. அவற்றில் சொத்துள்ள கதாநாயகி ஒருத்தி வந்தால், மணத்துக்கு முன் அவள் பெயரில் சொத்தைப் பாதுகாக்கும் ஒப்பந்தம் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், மணமான அன்றே அவள் கைப்பணம் கணவனுடையதாகிவிடும். 1882இல் புதிய சட்டம் இயற்றப்படும் வரை நிலைமை அப்படித்தான் இருந்தது. அந்த அச்சத்தை உணர்ந்து எழுதும் ஆசிரியர் கிடைத்தால், அவருடைய மற்ற நூல்களையும் தயங்காமல் வாங்கலாம்.