பூட்டுப் பட்டறையில் ஒரு நாள்: மனிதர்களைப் பற்றிக் கட்டுரை எழுதப் பழகுவது எப்படி?

திண்டுக்கல் பூட்டைப் பற்றி எழுதச் சொன்னால், புதிதாக எழுத வருபவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: ‘பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் நலிந்துவரும் கைத்தொழில்...’ அந்த வரியில் ஒரு முகம்கூடத் தெரியவில்லை. முகம் தெரியாத கட்டுரையை வாசகர் பாதியில் விட்டுவிடுவார். அதே பட்டறையை வைத்தே எப்படி எழுதலாம் என்று பார்ப்போம்.

முதல் படி: ஆளைத் தேடுங்கள்

திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது, மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று வகைகள் உண்டு, உத்தரப் பிரதேசத்து அலிகார் பூட்டுகளின் போட்டி இருக்கிறது. இவையெல்லாம் பின்னணி, ஒரு பத்தி போதும். உங்களுக்கு வேண்டியவர், இன்னும் முடிவு தெரியாத ஒரு காரியத்தைக் கையில் வைத்திருப்பவர். மகனைத் தொழிலில் இறக்குவதா, படிக்க அனுப்புவதா என்று தவிக்கும் பட்டறைக்காரர் கிடைத்தால் கட்டுரையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

இரண்டாம் படி: முதல் நாள் கேள்வியே கேட்காதீர்கள்

எழுத்தில் உயிர் வருவது இங்கேதான். அனுமதி கேட்டுக்கொண்டு, அரை நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சாவியை அரத்தால் இரண்டு இழுப்பு இழுக்கிறார். தூளை ஊதுகிறார். பூட்டில் நுழைத்துத் திருப்புகிறார், பாதியில் நிற்கிறது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் மறுபடி ராவுகிறார். எந்த இடம் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? மறுநாள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பேட்டிக்கென்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியே இருக்காது. இரும்புத்தூள் படிந்த நகம், சுவரில் தொங்கும் நாள்காட்டி, பாதியில் ஆறிப்போன டீ எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எது பயன்படும் என்று அப்போது தெரியாது.

மூன்றாம் படி: சிறிய கேள்விகள்

‘உங்கள் வெற்றிக்குக் காரணம் என்ன?’ என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். ‘ஐயா, நேற்று எத்தனை பூட்டு முடிந்தது?’, ‘ஒரு பூட்டுக்குக் கையில் என்ன நிற்கும்?’, ‘கடைசியாக எப்போது பட்டறையைத் திறக்காமல் இருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்றுப் பொறுங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு அவராகவே சொல்வது பல சமயம் கேட்டு வாங்கியதைவிடக் கனமாக இருக்கும். உரிமையாளரிடம் மட்டும் பேசித் திரும்பாதீர்கள். கூலிக்கு வேலை செய்பவரிடமும் வாடிக்கையாளரிடமும் பேசுங்கள்.

நான்காம் படி: சரிபாருங்கள்

பெயர், தலைப்பெழுத்து, வயது, தொகை ஆகியவற்றை அவரிடமே மறுபடி படித்துக் காட்டுங்கள். ‘இந்த ஊரிலேயே முதல் பட்டறை’ என்று சொன்னால் வேறு இருவரிடமாவது விசாரியுங்கள். கூலித் தொகையை வெளியிட்டால் தொழிலாளியின் வேலைக்கு ஆபத்து வருமா என்பதையும் யோசியுங்கள். வருமென்றால் அவர் பெயரைத் தவிர்ப்பதே நியாயம். பட்டறை உங்கள் உறவினருடையது என்றால் கட்டுரையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். அன்பளிப்பாகப் பூட்டைத் தந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: எழுதுங்கள்

பாதியில் நின்ற அந்தச் சாவியிலிருந்து தொடங்குங்கள். மூன்றாவது பத்திக்குள் அவருடைய தவிப்பைச் சொல்லிவிடுங்கள். பின்னணி அதற்குப் பிறகு வரட்டும். ‘கடின உழைப்பாளி’, ‘தன்னம்பிக்கை நாயகர்’ போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். அரம் பிடித்த கை அதைச் சொல்லிவிடும். மகன் விஷயம் முடிவாகவில்லையா? முடிவாகாமலே கட்டுரையை நிறுத்துங்கள்.

வெளியானதும் ஒரு பிரதியுடன் நேரில் போங்கள். எழுத்து சரியாகத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். எங்கே தலையசைக்கிறார், எங்கே பேசாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள். அடுத்து யாரைப் பார்த்து எழுதலாம் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். அநேகமாக ஒரு பெயர் சொல்வார்.