காப்பகத்தின் படலையில் குட்டிகளை விடுவதற்கு முன்

மாரி தொடங்கும் நாட்களில், சந்தையின் பின்புறத்திலோ சுடலை வீதியிலோ உரப்பையில் கட்டி விடப்பட்ட நாய்க்குட்டிகளை யாழ்ப்பாணத்தில் பலரும் கண்டிருப்பார்கள். அவற்றுட் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகள். கடுவனைக் கேட்டு வாங்குவதற்கு ஆள் இருக்கும், பெட்டைக்கு இருப்பதில்லை. இரக்கத்தோடு அவற்றைத் தூக்கி எடுப்பவர், விலங்குக் காப்பகம் நடத்துபவர்களின் படலையடியில் அவற்றை வைத்துவிட்டுத் திரும்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்த இரக்கம் உண்மையானது. ஆயினும் தடுப்பூசி போடப்படாத குட்டிக்குக் காப்பகம் ஆபத்தான இடம் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வரும் பார்வோ நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதனால், பல இடங்களிலிருந்து விலங்குகள் வந்து சேரும் ஒரு வளவில், எவ்வளவு கழுவினாலும் அதை முற்றாக அகற்றுவது கடினம்.

ஆகவே குட்டிகளைக் கண்டவுடன், தாய் அருகில் இருக்கிறதா என்று சற்று ஒதுங்கி நின்று பாருங்கள். பையில் கட்டப்படாமல் வேலியோரத்தில் கிடக்கும் குட்டிகளின் தாய், பெரும்பாலும் இரை தேடித்தான் போயிருக்கும். தாய் இல்லையென்பது உறுதியானால், பாலுக்கு முன் சூடு கொடுக்க வேண்டும். உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. வெந்நீர் நிரப்பிய போத்தலைப் பழைய சாரத்தில் சுற்றிக் குட்டிகளின் பக்கத்தில் வைத்து, உடல் சூடேறிய பின்னரே பால் பருக்குங்கள். பசுப்பால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும்; நாய்க்குட்டிகளுக்கென்று விற்கப்படும் பால்மாவே ஏற்றது. நான் முதன்முதலாக எடுத்த மூன்று குட்டிகளில் இரண்டை, இதை அறியாமல் பசுப்பால் கொடுத்து இழந்தேன். குட்டியை மல்லாத்திப் பிடித்துப் பருக்கினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால், தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறக் கிடக்கவிட்டே பருக்க வேண்டும். கண் திறக்காத குட்டி, அதாவது பிறந்து ஏறத்தாழ 2 வாரம் ஆகாதது, தானாகச் சிறுநீர் கழிக்காது. ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்பும் ஈரப் பஞ்சினால் அடிவயிற்றை மெதுவாகத் தடவிவிட வேண்டும்.

இவற்றைச் செய்துகொண்டே காப்பகத்தாருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எத்தனை குட்டிகள், கண் திறந்துள்ளனவா, கழிச்சல் இருக்கிறதா என்ற விபரங்களையும் படமொன்றையும் கொடுத்தால், அவர்கள் உடனே முடிவெடுக்க இயலும். அதைவிடப் பெரிய உதவி, தடுப்பூசி போட்டு வீடு கிடைக்கும்வரை குட்டிகளை உங்கள் வீட்டில் வைத்திருக்கிறேன் என்று சொல்வதே. இடத்தைக் காட்டிலும் ஆளில்லாமையே அவர்களை வருத்துகிறது: சமைப்பதும் கூடு கழுவுவதும் மருந்து கட்டுவதும் ஒரு சிலரின் தோளில்தான் விழுகின்றன.

அடிபட்ட நாயென்றால் முறை வேறு. வலியில் இருக்கும் நாய், சோறு போட்ட கையையும் கடிக்கும். சாக்கையோ தடித்த துணியையோ தலைமேல் போட்டு, பலகையில் ஏற்றி, ஓட்டோவில் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். புழு வைத்த காயத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சொறிக்குக் கழிவு ஒயில் பூசுவதும் நம்மூரில் இன்னும் நடக்கின்றன. இரண்டும் தோலை எரித்து, நாய் நக்கும்போது உடலுக்குள்ளும் நஞ்சாகின்றன. வலிக்கு நாம் போடும் பனடோல் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கும் அதைக் கொடுக்கலாகாது. வாயில் நீர் வடிய, கீழ்த்தாடை தொங்க, தள்ளாடி நடக்கும் நாய்க்கு விசர்நாய் நோய் இருக்கலாம் என்பதால், அதை மட்டும் நீங்கள் தொடாமல், பிள்ளைகளையும் விலக்கிவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

கடி பட்டாலோ நகம் கீறினாலோ, ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவிய பின் அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கடித்தது குட்டிதானே என்று விட்டுவிடலாகாது, விசர்நாய் நோய் குட்டிக்கும் வரும்.

இலங்கையில் 2006 முதல் கட்டாக்காலி நாய்களைக் கொன்று ஒழிப்பது நிறுத்தப்பட்டிருப்பதால், பெருக்கத்தைக் குறைக்க எஞ்சியிருப்பது கருத்தடையே. பெட்டை நாய் 6 மாத வயதிலேயே பருவமடையலாம். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். உங்கள் ஒழுங்கையில் திரியும் பெட்டையொன்றுக்குக் காப்பகத்தார் சத்திரசிகிச்சை செய்ய முன்வந்தால், அதற்கு முதல்நாள் அதைப் பிடித்துக் கொடுப்பதும், தையல் ஆறும் 10 முதல் 14 நாட்கள் வரை மழை படாத விறாந்தையில் வைத்துப் பார்ப்பதும் உங்கள் பங்காகட்டும். காது நுனியில் வெட்டு அடையாளம் உள்ள நாய் ஏற்கெனவே கருத்தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். அதை மீண்டும் பிடித்துக் கொடுப்பதற்கு முன் காப்பகத்தாரிடம் கேட்டறியுங்கள்.

பணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் பழைய சாரம், படுக்கை விரிப்பு, செய்தித்தாள், அரிசி ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். போகுமுன் எது தேவையென்று கேளுங்கள். மாரியில் பெரும்பாலும் உலர்ந்த துணியைத்தான் கேட்பார்கள்.